கழுத்துக்குக் கீழே எல்லோரும் ஒன்று

தன்னைத் தானே புகழத் தெரியாத ஆர்டிஸ்ட் பட்டினி கிடப்பான் என்று சொல்வார்கள். வாஸ்தவம்தான். புகழத் தெரிந்தவன் என்ன ஆவான் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. இருபத்தைந்து வயதில் எனக்கு நானே பட்டம் சூட்டி, எனக்கு நானே நோட்டீஸ் அடித்து, எனக்கு நானே கூட்டம் கூட்டி, அந்தக் கூட்டத்தின் முன்னாலேயே மானம் கப்பலேறி நின்றவன் நான். பழியைப் பிறர் மேல் போட வழியில்லை. (போட்டுப் பார்த்தேன். ஒட்டவில்லை.)

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி வருஷங்கள். கண்டியில் காசிம் நானா என்று ஒருவர் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார். அந்தக் கடையின் பின்னறைதான் என் சித்திரசாலை. ஒரு ஜன்னல், ஒரு ஸ்டூல், மழை பெய்தால் இரண்டு ஒழுக்கு. வாசலில் மட்டும் ஆளுயரப் பலகை: "சித்திரச் சக்கரவர்த்தி ஆர்டிஸ்ட் சின்னையா". பலகையை மாட்டிய அன்று என் மனைவி ராசம்மா, சக்கரவர்த்திப் பட்டம் யார் கொடுத்தது என்று கேட்டாள். சனங்கள் என்றேன். எந்தச் சனங்கள் என்றாள். இனிமேல் வரப்போகிற சனங்கள் என்றேன். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. நான் அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

சக்கரவர்த்தி பெரும்பாலும் வரைந்தது சோடாக் கடைக்குப் பெயர்ப் பலகை, வண்டிக்கு நம்பர், சலூனுக்கு மீசை வைத்த ஒரு தலை. ஆசை என்னவோ பெரிய மனுசர்களின் உருவப்படத்தில். அந்தக் காலத்தில் கண்டியைச் சுற்றிய தேயிலைத் தோட்டங்களில் பெரிய கங்காணிமாருக்கு இருந்த செல்வாக்கு துரைக்கு அடுத்தபடி. நூற்றுக்கணக்கான ஆட்களை இந்தியாவிலிருந்து கூட்டி வந்து வேலை வாங்கியவர்கள் அவர்கள். வீடு கட்டி, கதிரை மேசை அலுமாரி வாங்கிப் போட்ட பிறகு சுவரில் தங்கள் உருவத்தை எண்ணெய் வர்ணத்தில் மாட்டிவிட வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு வந்திருந்தது. அந்த எண்ணத்தை என் பக்கம் திருப்பிவிட்டால் பிழைத்துக்கொள்வேன் என்று நான் கணக்குப் போட்டேன்.

பிழைத்தே ஆகவேண்டிய கட்டாயமும் இருந்தது. ராசம்மாவின் அண்ணன் பழனியாண்டி மச்சான் ஒரு தேயிலை ஸ்டோரில் பெட்டிகளுக்குப் பொறுப்பாளர். அங்கே தகரத்தில் எழுத்தை வெட்டி வைத்திருப்பார்கள். அதைத் தேயிலைப் பெட்டியின் மேல் வைத்து, மை தொட்ட பிரஷ்ஷால் ஒரு தேய்ப்பு. தோட்டத்துப் பெயர் விழுந்துவிடும். அடுத்த பெட்டி. ஞாயிற்றுக்கிழமைதோறும் மச்சான் என் அறைக்கு வருவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு படங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். "இத யாரு மாப்ள வாங்குறாங்க?" என்று கேட்பார். குத்தலாகக் கேட்கிற மனுசரும் அல்ல. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்பார். அதுதான் எனக்குப் பொறுக்காது.

ராசம்மா மாசமாக இருக்கிறாள் என்று தெரிந்த வாரம் மச்சான் வழக்கம்போல் வந்து, வழக்கத்துக்கு மாறாக உட்கார்ந்தார்.

"தைப்பூசம் வரைக்கும் பாருங்க மாப்ள," என்றார். "அதுக்குள்ள நாலு பேரு ஒங்களத் தேடி வந்தா நா வாயத் தொறக்க மாட்டேன். வரலேன்னா ஸ்டோருக்கு வந்திருங்க. பெட்டிக்கு அச்சு அடிக்க ஆளு வேணும். என் தங்கச்சியும் புள்ளையும் வயிறு காயக் கூடாது."

நியாயமான பேச்சு. அதனால் கோபத்தை எடுத்துக்கொண்டேன்.

"ஒரே எழுத்த நாள் பூரா தேய்க்க ஒரு கொரங்கு போதும் மச்சான். நா ஆர்டிஸ்ட். ஒருக்கா வரைஞ்சத மறுபடி வரைய மாட்டேன்."

மச்சான் பிளேன்டீயைக் குடித்துவிட்டு, கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

சொன்னது பச்சைப் பொய். இவ்வளவு காலம் கழித்து ஒப்புக்கொள்கிறேன். உருவப்படத்தில் எனக்கென்று ஒரு தொழில் ரகசியம் இருந்தது. பெரிய மனுசர்களுக்கு உட்கார்ந்து கொடுக்க நேரம் கிடையாது. ஒரு போட்டோவை நீட்டுவார்கள். அதிலும் துரையோடு நாற்பது பேர் நிற்பார்கள். நமக்கு வேண்டிய முகம் கடலைப் பருப்பு அளவு இருக்கும். முகத்துக்கே இந்தக் கதி என்றால் உடம்புக்கு எங்கே போவது? ஆகவே மழைக்காலத்தில் வேலை இல்லாதபோது நான் உடம்புகளை முன்கூட்டியே வரைந்து வைத்துவிடுவேன். கோட்டு, சரிகை வேட்டி, கடிகாரச் சங்கிலி, சாய்வுக் கதிரை, பக்கத்தில் உருண்டை மேசை, அதன் மேல் பூச்சாடி, புத்தகத்தின் மேல் ஒரு கை. தலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துணி. ஆள் வந்ததும் தலையை வைத்தால் படம் முடிந்தது. கழுத்துக்குக் கீழே பெரிய மனுசர் எல்லோரும் ஒன்றுதான் என்பது என் சித்தாந்தம்.

ஒவ்வொரு உடம்பையும் புதிதாக வரைவேன் என்றா நினைக்கிறீர்கள்? ஒரே ஒரு தடவை பெரிய தாளில் வரைந்தேன். கோடு போன வழியெல்லாம் ஊசியால் துளை போட்டேன். அந்தத் தாளைத் துணியின் மேல் ஒட்டிவைத்து, கரித்தூள் முடிச்சால் தட்டினால் புள்ளி புள்ளியாக உடம்பு இறங்கிவிடும். பிறகு வர்ணம். (கொரங்கு போதும் என்று மச்சானிடம் சொன்னவன் இவன்தான்.)

அந்த முதல் உடம்புக்கு மாதிரியாக இருந்தது யார் என்றும் சொல்லிவிடுகிறேன். நான்தான். காசிம் நானா கடையின் நிலைக்கண்ணாடி முன் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். பக்கத்துத் தையற்காரர் கோர்ட்டுக்குப் போகும் ஒரு புரக்டருக்காகத் தைத்துக்கொண்டிருந்த கறுப்புக் கோட்டை ஒரு மணி நேரத்துக்கு இரவல் வாங்கினேன். அப்போது என் உடம்பு வேலியில் காய்கிற சட்டை மாதிரி இருக்கும். பெரிய மனுசனுக்குத் தொப்பை இல்லாமல் எப்படி? நானாவின் வீட்டிலிருந்து ஒரு தலையணை வாங்கிக் கோட்டுக்குள் செருகிக்கொண்டேன். கோட்டில் மூன்றாவது பொத்தான் இன்னும் தைத்தாகவில்லை. உள்ளதை உள்ளபடி வரைபவனே கலைஞன் என்று எங்கோ படித்திருந்தேன். அதனால் பொத்தான் இல்லாத கோட்டையே வரைந்தேன். தலையணை விஷயத்தில் இந்தக் கொள்கை எனக்கு நினைவு வரவில்லை.

இப்படி இருக்கையில்தான் தெய்வாதீனமாக இரண்டு ஆர்டர் ஒன்றாக வந்தது. திருவிழாவுக்குத் தோட்டங்களிலிருந்து நடந்து வரும் சனம் தங்குவதற்கு, கண்டியில் ஒரு கோயிலை ஒட்டி மடம் கட்டினார்கள். தைப்பூசத்தன்று திறப்பு. கூடுதலாக உதவியவர்கள் இரண்டு பேர்: மடுல்கெல்லப் பக்கத்து ஒரு பெரிய கங்காணி, ஹுன்னஸ்கிரியப் பக்கத்து ஒரு பெரிய கங்காணி. இருவரும் கொடுத்த பணம் சமம். இருவர் படத்தையும் மடத்துக் கூடத்தில் மாட்டுவது என்று கமிட்டி முடிவு செய்து, என் பலகையைப் பார்த்து ஏமாந்து, என்னிடம் வந்தது.

அந்த இருவருக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. கோயிலில் பரிவட்டத்தை, அதாவது சாமி துணியை, பூசாரி முதலில் யார் தலையில் கட்டுவது என்பதில் வந்த சண்டை. ஒருவர் வரும் தெருவில் மற்றவர் வரமாட்டார். ஒருவர் ஏறிய பஸ்ஸில் மற்றவர் ஏறமாட்டார்.

மடுல்கெல்லக்காரர் முதலில் போட்டோவோடு வந்தார். படம் முடியும்வரை யாருக்கும் காட்டக் கூடாது என்று சத்தியம் வாங்கினார். மூன்று நாள் கழித்து ஹுன்னஸ்கிரியக்காரர் தன் போட்டோவோடு வந்தார். அவரும் அதே சத்தியத்தை வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "அந்த ஆளுக்கு என்னா கலர் கோட்டு?" என்று கேட்டார்.

நானும் முழு மடையன் அல்ல. இரண்டு படமும் ஒன்றுபோல் தெரியக் கூடாது என்ற புத்தி எனக்கும் இருந்தது. உடம்பு ஒன்றானாலும் உடுப்பை மாற்றிவிடலாம் அல்லவா? மடுல்கெல்லக்காரருக்குக் கறுப்புக் கோட்டு, மற்றவருக்குக் காப்பி நிறக் கோட்டு. ஒருவருக்குச் சிவப்புத் திரை, ஒருவருக்குப் பச்சைத் திரை. ஒருவருக்கு இரண்டு மோதிரம், ஒருவருக்கு ஒன்று. இப்படித்தான் திட்டம் போட்டேன்.

திட்டத்தை அவர்கள் விடவில்லை. அவருக்குக் கறுப்பென்றால் தனக்கும் கறுப்பு என்றார் ஹுன்னஸ்கிரியக்காரர். காப்பிக் கலர் கணக்கப்பிள்ளை போடுவது என்றும் சொன்னார். கோட்டைக் கறுப்பாக்கினேன். மோதிரம் மூன்று வேண்டும் என்றார். வைத்தேன். எப்படியோ செய்தி மடுல்கெல்லவுக்குப் போய் (எப்படியோ என்ன, என் வாய்தான்), அவர் வந்து தனக்கும் மூன்று என்றார். திரை சிவப்பாக இருந்தால்தான் எடுப்பு என்று இவருக்குத் தோன்றியது. மீசை முறுக்கி இருந்தால்தான் ஆண்பிள்ளை என்று அவருக்குத் தோன்றியது. ஒருவர் நெற்றிச் சுருக்கத்தை எடுக்கச் சொன்னார். மற்றவர் பத்து வயதையே எடுக்கச் சொன்னார். முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கு என்று இருவரும் சொன்னார்கள். நான் ஒவ்வொன்றுக்கும் "ஆகட்டுங்க ஐயா" சொன்னேன். வருகிற ஆர்டரைக் கெடுத்துக்கொள்ள எனக்கென்ன பைத்தியமா?

மார்கழி முடியும்போது இரண்டு படமும் முடிந்தன. சட்டம் போட எடுத்துக்கொண்டு போனேன். காசிம் நானா இரண்டையும் சுவரில் சாய்த்துவைத்து, எட்டி நின்று, தாடியைத் தடவினார்.

"தம்பி, ஒன்டு செல்றேன், கோவிக்காதீங்க. எனக்கென்டா ரெண்டும் ஒரே வாப்பாட புள்ளகள் மாதிரி ஈக்கி."

கலை என்பது எல்லோருக்கும் விளங்காது என்று நான் நானாவுக்கு விளக்கினேன். அவர், விளங்காதவர்கள்தானே தம்பி மடத்துக்கு வரப்போகிறார்கள் என்று சொல்லிவிட்டு அளவெடுக்கப் போனார். அப்போதாவது நான் யோசித்திருக்கலாம்.

யோசிக்க அவசியமும் இருக்கவில்லை. கமிட்டிக்காரர்கள் விவரமானவர்கள். மடுல்கெல்லக்காரர் படத்தைக் காலையில் கிழக்குச் சுவரில் திறப்பது, ஹுன்னஸ்கிரியக்காரர் படத்தைச் சாயந்தரம் மேற்குச் சுவரில் திறப்பது, இடையில் ஒரு மறைப்புக் கட்டுவது என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். இருவரும் முகத்தோடு முகம் பார்க்க வேண்டியதில்லை. படங்களும் பார்த்துக்கொள்ளாது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இன்றைக்கு இந்தக் கட்டுரையே இல்லை.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவன் நான். காலையில் ஒரு கூட்டம், சாயந்தரம் ஒரு கூட்டம் என்றால் என் விளம்பரம் பாதி பாதியாகப் போய்விடாதா? இரண்டு பக்கத்துத் தோட்டங்களும், கங்காணிமாரும், கணக்கப்பிள்ளைமாரும் ஒரே நேரத்தில் ஒரே சுவரைப் பார்த்து வாய் பிளந்து நிற்பதை நான் மனதில் கண்டுவிட்டேன். கமிட்டிக்குப் போய் ஒரு மணி நேரம் பேசினேன். ஒற்றுமை, சமாதானம், முருகன் சந்நிதி என்றெல்லாம் பேசினேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. (அன்று எனக்குச் சளியும் இருந்தது.) கமிட்டிக்காரர்கள் கங்காணிமாரைக் கேட்டார்கள். இருவரும் உடனே சம்மதித்தார்கள். தன் படத்தின் பக்கத்தில் மற்றவர் படம் மங்கிப் போகும் என்று இருவருக்கும் நிச்சயம்.

உடனே நோட்டீஸ் அடித்தேன். ரோஸ் தாள். வாசகம் முழுக்க அடியேன் இயற்றியது. கூச்சமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்:

"கண்டதுண்டோ! கேட்டதுண்டோ! சித்திரச் சக்கரவர்த்தி ஆர்டிஸ்ட் சின்னையா அவர்கள் தீட்டிய இரு ஜீவ சித்திரங்கள் பக்கம் பக்கமாகத் திறந்து வைக்கப்படும். பேசாதது ஒன்றே குறை. இவர் தூரிகையில் பிறந்த ஒரு படம் மற்றொரு படத்தை ஒருபோதும் ஒத்திராது. சந்தேகமுள்ளோர் நேரில் வந்து ஒப்பிட்டுப் பார்க்கவும்."

ஒப்பிட்டுப் பார்க்கவும்! என் கையாலேயே எழுதினேன். சந்தையிலும் பஸ் நிற்கும் இடத்திலும் நானே நின்று கொடுத்தேன். மச்சான் வீட்டுக்கு ராசம்மா மூலம் இரண்டு அனுப்பினேன். முன்வரிசையில் வந்து உட்காரும்படி சொல்லியும் விட்டேன்.

தைப்பூசத்தன்று விடிந்ததும் படங்களைச் சுமந்துகொண்டு மடத்துக்குப் போனேன். இரண்டும் வெள்ளைத் துணியில் சுற்றி இருந்தன. யாருடையது எது என்று எழுதி ஒட்டிய சீட்டுகள் பனியில் நனைந்து வழியில் எங்கோ விழுந்துவிட்டன. அதனாலென்ன, வரைந்தவன் நான்தானே என்று துணியை விலக்கிப் பார்த்தேன். கறுப்புக் கோட்டு, மூன்று மோதிரம், முறுக்கு மீசை. மற்றதையும் விலக்கினேன். கறுப்புக் கோட்டு, மூன்று மோதிரம், முறுக்கு மீசை. ஒன்றில் தாடையில் ஒரு மச்சம் இருந்தது. மச்சம் மடுல்கெல்லக்காரருக்கா, ஹுன்னஸ்கிரியக்காரருக்கா? இருவரும் என் எதிரில் வந்து நின்றபோது நான் பார்த்தது அவர்களுடைய கடிகாரச் சங்கிலியை. வெளியே மேளம் கேட்டது. பிள்ளையார்மேல் பாரத்தைப் போட்டு, மச்சத்தை ஹுன்னஸ்கிரியவின் பெயர்ப் பலகைக்கு மேல் மாட்டினேன்.

அன்று வந்த கூட்டம் மடத்தில் அடங்கவில்லை. நோட்டீஸுக்கு அப்படி ஒரு பலன் இருக்கும் என்று நானே நம்பியிருக்கவில்லை. ஜன்னல் கம்பியில்கூடச் சனம் தொங்கியது. ஒரு பக்கம் மடுல்கெல்ல ஆட்கள், ஒரு பக்கம் ஹுன்னஸ்கிரிய ஆட்கள், நடுவில் ஒரு பாதை. முன்வரிசையில் மச்சான், பின்னால் காசிம் நானா, பெண்கள் பக்கத்தில் ஆறு மாத வயிற்றோடு ராசம்மா. நான் இரவல் சால்வையைப் போர்த்திக்கொண்டு சுவர் ஓரமாக, வணங்கத் தோதாக நின்றேன். இரண்டு கங்காணிமாரும் ஒரே நேரத்தில் கயிற்றை இழுத்தார்கள். துணிகள் விழுந்தன. மேளம் உச்சத்துக்குப் போய் நின்றது.

ஒரு சத்தமும் இல்லை. பிரமித்துப்போனார்கள் என்று நினைத்து நான் கும்பிட்டேன்.

ஹுன்னஸ்கிரியக்காரர் தன் பெயருக்கு மேல் இருந்த படத்தை அண்ணாந்து பார்த்தார். தலையை ஆட்டினார். திருப்தியாக மீசையை ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டார். ஆறு வருஷமாக யார் முகத்தில் விழிக்கக் கூடாது என்று தெரு மாறிப் போனாரோ, அந்த முகத்தைப் பார்த்துத்தான் முறுக்கினார். அவருக்கே தெரியவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து அவருடைய சம்சாரம் எழுந்து வந்து, கண்ணைச் சுருக்கி, படத்தையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏங்க," என்றார் அந்த அம்மா, "ஒங்களுக்கு எப்பங்க மச்சம் வந்துச்சி?"

எல்லோரும் மச்சத்தைத் தேடினார்கள். மச்சம் மடுல்கெல்லக்காரரின் தாடையில், அவர் பிறந்த நாளிலிருந்து இருந்த இடத்தில் இருந்தது. அப்புறம்தான் சனம் நோட்டீஸில் சொன்னபடி ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கியது. ஒருவர் மோதிரத்தை எண்ணினார். ஒருவர் பூச்சாடியில் பூவை எண்ணினார். வேட்டி மடிப்பைக்கூட விரல்விட்டு எண்ணினார்கள். இங்கே ஏழு என்று ஒரு பக்கத்திலிருந்து குரல் வரும்; இங்கேயும் ஏழு என்று எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் வரும். ஆறு வருஷமாக எதிலும் ஒத்துப்போகாத இரண்டு தோட்டத்துச் சனமும் அன்று எல்லாவற்றிலும் ஒத்துப்போனது.

அந்த அம்மாவுக்கு மச்சத்தோடு மனசு ஆறவில்லை. இன்னும் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, கோட்டில் ஒரு பொத்தானைக் காணோமே, பார்க்கிறவர்கள் என்னைத்தானே பேசுவார்கள், எங்கள் வீட்டில் ஊசி நூலுக்குப் பஞ்சமா என்று அழத் தொடங்கிவிட்டார். அதைக் கேட்டு மடுல்கெல்லக்காரர் தன் பெயருக்கு மேல் இருந்த படத்தை நெருங்கிப் பார்த்தார். பிறகு திரும்பி, ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, ஹுன்னஸ்கிரியக்காரரிடம் வாய் திறந்தார்.

"அதுல மூணாவது பொத்தான் இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"இதுலயும் இல்ல."

இருவரும் சேர்ந்து என் பக்கம் திரும்பினார்கள்.

யாருடைய உடம்பை யாருக்கு வைத்தாய் என்று கேட்டார் ஒருவர். முதலில் வரைந்தது யாருடையது, அதைச் சொல் என்றார் மற்றவர். என்ன சொன்னாலும் ஒரு பக்கத்துத் தோட்டச் சனம் முழுவதும் என் மேல் பாயும் என்று எனக்குத் தெரிந்தது. பொய் சொல்வதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. பாழாய்ப்போன அந்த நேரம் பார்த்து உண்மை வந்துவிட்டது.

"ரெண்டு பேரோடதும் இல்லீங்க ஐயா. அது என் ஒடம்புங்க."

நான் நின்ற கோலத்தைச் சனம் மேலிருந்து கீழாகப் பார்த்தது. படங்களின் தொப்பையைப் பார்த்தது. மறுபடி என்னைப் பார்த்தது. நம்பவில்லை. ஆகவே வயிற்றுக்கு மட்டும் தலையணை வைத்துக்கொண்டேன் என்று விளக்க வேண்டியதாயிற்று. அப்போதும் நம்பவில்லை. எனக்கு உதவி செய்கிற நல்ல எண்ணத்தில் பின்னாலிருந்து காசிம் நானா எழுந்து நின்றார்.

"மெய்தான். அது எங்கட ஊட்டுத் தலகாணி."

மடம் அதிர்ந்தது. சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. மேளக்காரர் சிரித்தார், கமிட்டி சிரித்தது, அழுதுகொண்டிருந்த அந்த அம்மாகூட முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். சிரிக்காதவர்கள் மூன்று பேர்: இரண்டு கங்காணிமார், நான். ராசம்மா சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

அடி விழவில்லை. விழுந்திருந்தால் தேவலை என்று இருந்தது. படங்கள் அந்த நிமிஷமே இறங்கின. கங்காணிமார் இருவரும் என்னைத் திட்டிக்கொண்டே வெளியே போனார்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடர்ந்தார். ஒருவருக்கு வார்த்தை கிடைக்காதபோது மற்றவர் எடுத்துக் கொடுத்தார். திட்டி முடியாததால் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அடுத்த திருவிழாவில் பரிவட்டத்தை ஒரு வருஷம் இவருக்கு, ஒரு வருஷம் அவருக்கு என்று தங்களுக்குள்ளேயே பேசி முடித்துக்கொண்டார்களாம். அதற்காக யாரும் வந்து எனக்கு நன்றி சொல்லவில்லை.

நான் மடத்துக்குப் பின்னால் கிணற்றடியில் போய் உட்கார்ந்தேன். சால்வையைத் தலைமேல் போட்டுக்கொண்டு அழுதேன். அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும். தைப்பூசம் முடிந்துவிட்டது, நாலு பேர் தேடி வரப்போவதில்லை, பிறக்கப்போகிற பிள்ளைக்கு என்ன கொடுப்பேன் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. காலடிச் சத்தம் கேட்டது. மச்சான். குரங்குக் கதையை இப்போது திருப்பிப் போடப்போகிறார், போடட்டும், எனக்கு வேண்டியதுதான் என்று குனிந்தபடியே இருந்தேன்.

அவர் குரங்கைப் பற்றிப் பேசவே இல்லை. பக்கத்தில் குந்தினார். இறக்கி வைத்த படங்களை அவர் போய்ச் சாணால் அளந்து பார்த்திருக்கிறார்: கதிரைக் காலிலிருந்து மோதிரம் வரை, மோதிரத்திலிருந்து சங்கிலி வரை.

"மாப்ள," என்றார், "ரெண்டுலயும் கோடு ஒரு நூலு நகரல. எங்க ஸ்டோர்ல தகரத்த வச்சிக்கிட்டே பயலுக கோணலா அடிக்கிறானுங்க. இந்தக் கை எங்கயும் கெடைக்காது. திங்கக்கெழம வாங்க."

முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். கேலி துளிகூட இல்லை. மனுசர் மெய்யாகவே வியந்துபோயிருந்தார். சித்திரச் சக்கரவர்த்தியின் கைத்திறனை வாழ்நாளில் ஒருவர் வாய்விட்டு மெச்சியது அந்த ஒரு தடவைதான். அன்றைக்கு வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து மூக்கால் வழிந்தது.

திங்கட்கிழமை போனேன். முப்பது வருஷம் அந்த ஸ்டோரில் இருந்தேன். ஒன்றைப்போல் ஒன்று இருந்ததற்காக ஒரு பெட்டிகூட என்னிடம் சண்டைக்கு வரவில்லை. சித்திரை பிறந்த பின் மகள் பிறந்தாள். அவளும் அவளுக்குப் பின் வந்தவர்களும் வயிறு காயாமல் வளர்ந்தார்கள்.

விளம்பரத்தை நான் அன்றோடு விட்டேன். அந்தப் பொறுப்பை ராசம்மா எடுத்துக்கொண்டாள். மகளைப் பெண் பார்க்கக் குண்டசாலையிலிருந்து ஆட்கள் வந்தபோது, மாப்பிள்ளையின் தகப்பனார், பெண்ணின் அப்பாவுக்கு என்ன தொழில் என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் ராசம்மா முந்திக்கொண்டு, "ஆர்டிஸ்ட்" என்றாள். முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. "இவுக கை பட்டதெல்லாம் கப்பலேறி லண்டனுக்குப் போவுது."

அந்த மனுசர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். லண்டனில் துரைமார் அதை என்ன செய்வார்கள், பங்களாவில் மாட்டி வைப்பார்களா என்று மிகுந்த மரியாதையோடு என்னைக் கேட்டார். ராசம்மா தேநீர்த் தட்டை அவர் முன் நீட்டினாள்.

"இல்லீங்க. உள்ள இருக்குறதக் குடிச்சிட்டு, ஒடச்சி அடுப்புல வைப்பாங்க."

சம்பந்தம் அன்றைக்கே நிச்சயமாயிற்று. லண்டனிலிருந்து கடிதாசி ஏதும் வந்ததா என்று சம்பந்தி இன்றைக்கும், வீட்டுக்குள் காலை வைக்கும்போதே, கேட்டுக்கொண்டுதான் வருகிறார்.